வீட்டு மாடியில் நிலக்கரித் தூசி படிகிறது, காற்றுத் தரக் குறியீடோ ‘திருப்தி’ என்கிறது: மாசு கட்டுப்பாடு வாரியம் இதில் என்ன செய்ய முடியும்?

எண்ணூர்ப் பகுதியில் குடியிருப்பதாகவும், காலையில் பெருக்கிய மாடியில் மாலைக்குள் கருந்தூள் படிந்துவிடுவதாகவும், கைப்பேசியில் பார்த்தால் காற்று ‘திருப்தி’ என்றே பெரும்பாலும் வருவதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். காற்று மாதிரி எடுக்கும் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றியவன் என்ற முறையில், அது எப்படி என்பதை முதலில் விளக்கிவிட்டு, வாரியத்தின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதற்கு வருகிறேன்.

2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகோல்களில் 12 மாசுகள் இடம்பெற்றுள்ளன. அவற்றின்படி, 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட துகள்கள் 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமையும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்டவை 60 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. மாடியில் வந்து படியும் தூளில் பெரும்பகுதி இவற்றைவிடப் பருமனானது. மாதிரி எடுக்கும் கருவிக்குள் காற்று முதலில் ஒரு கூம்புக்குள் சுழன்று செல்லும். அப்போது பருமனான துகள்கள் கீழே உள்ள சிறு கிண்ணத்தில் விழுந்துவிட, நுண்ணியவை மட்டும் மேலே உள்ள வடிதாளில் ஒட்டும். அந்த வடிதாளை முன்னும் பின்னும் எடை போட்டே 10 மைக்ரான் துகள்களின் அளவைச் சொல்கிறோம். நிலக்கரிக் கிடங்குக்கு அருகில் வைத்த கருவியின் கிண்ணத்தைக் கழற்றித் தட்டினால் கரும்பொடி கொட்டும். அது இந்தக் கணக்கில் சேராது. மேலிருந்து விழுந்து படியும் தூசிக்கு அந்த 12 மாசுகளின் பட்டியலில் இடமே இல்லை.

பிற்பகலில் கடற்காற்று வலுத்து இரண்டு மணி நேரம் தூசி கிளம்பினாலும், நாள் முழுவதற்குமான சராசரியில் அது கரைந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். மேலும், 10 மைக்ரான் துகள்கள் 100 மைக்ரோகிராம் வரை இருந்தாலும் நம் குறியீடு ‘திருப்தி’ என்றே சொல்லும். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் பரிந்துரைத்த 24 மணி நேர அளவோ 45 தான்.

படிந்திருப்பது நிலக்கரிதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தால் நிலக்கரித் தூள் கரகரப்பாக இருக்கும். டீசல் கரி எண்ணெய்ப் பசையுடன் இழுவிக்கொள்ளும். அனல் மின்நிலையச் சாம்பல் சாம்பல் நிறத்தில் மாவுபோல் வழுக்கும். இது ஆய்வக முடிவுக்கு ஈடாகாது. ஆனாலும், புகார் எழுதும்போது நிலக்கரிக் கிடங்கைக் குறிப்பிடுவதா, மின்நிலையச் சாம்பலைக் கொட்டிவைக்கும் சாம்பல் குளத்தைக் குறிப்பிடுவதா என்று முடிவுசெய்ய இது போதும்.

இனி வாரியம். 1981 ஆம் ஆண்டின் காற்று மாசு தடுப்புச் சட்டத்தைச் செயல்படுத்தும் பொறுப்பு, 1982 இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்திடம் இருக்கிறது. இந்தச் சட்டத்தின் பார்வை பெரிதும் புகைபோக்கியின் மீதே பதிந்திருக்கிறது. சட்டப்படி மாதிரி எடுப்பதற்கான நடைமுறையே புகைபோக்கி, குழாய் அல்லது வேறு வெளியேற்று வாயை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பெரிய அனல் மின்நிலையங்களின் புகைபோக்கிகளில் பொருத்திய கருவிகளின் அளவீடுகள் இணையவழியே வாரியத்துக்குச் செல்கின்றன. ஆனால் திறந்தவெளியில் குவித்துக் கிடக்கும் நிலக்கரிக்குப் புகைபோக்கி கிடையாது. காற்று அடிக்கும் திசையெல்லாம் அதற்கு வாய்தான்.

ஆகவே நிலக்கரித் தூசியைப் பொறுத்தவரை வாரியத்தின் கையிலுள்ள வலுவான கருவி இசைவாணை என்பது என் உறுதியான கருத்து. தொழிலகம் ஒன்றை நிறுவுவதற்கும் பிறகு இயக்குவதற்கும் வாரியத்தின் இசைவு வேண்டும். அந்த ஆணையில் வாரியம் நிபந்தனைகளை விதிக்கலாம். நிலக்கரியைச் சுமந்து செல்லும் ஓடுபட்டைகளான கன்வேயர்களை மூடி வைப்பது, நிலக்கரி ஒரு கன்வேயரிலிருந்து மற்றொன்றுக்கு விழும் இடங்களில் நீர்த்திவலை பாய்ச்சுவது, குவியல்களைத் தெளிப்பான்களால் ஈரமாகவே வைத்திருப்பது, லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிச் சக்கரங்களைக் கழுவிய பிறகே வெளியே அனுப்புவது போன்றவை நிலக்கரியைக் கையாளும் இடங்களுக்கு வழக்கமாக விதிக்கப்படுபவை. இவற்றில் ஒன்று மீறப்பட்டதைக் காட்ட மைக்ரோகிராம் கணக்கு தேவையில்லை. தார்ப்பாய் இல்லாத லாரியை, கிழிந்து தொங்கும் கன்வேயர் மூடியைத் தேதியுடன் படமெடுத்தால் அதுவே சான்று. ‘காற்று மாசுபடுகிறது’ என்று எழுதும் மனுவுக்கு ‘அளவுகள் வரம்புக்குள் உள்ளன’ என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். ‘இசைவாணையின் இந்த எண்ணுள்ள நிபந்தனை இந்தத் தேதியில் மீறப்பட்டது’ என்று எழுதினால் அந்த வரி பதிலாகாது. வாரியத்தின் பொறியாளர் நேரில் வந்து பார்த்தாக வேண்டும்.

இசைவாணையின் நகலையும், கடைசியாக நடந்த ஆய்வின் அறிக்கையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டமாக இருந்தால், நிபந்தனைகளைப் பின்பற்றியது குறித்து நிறுவனமே ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அதையும் சேர்த்துப் படியுங்கள். புகாரை வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அனுப்ப வேண்டும்.

காற்று மாசு தடுப்புச் சட்டத்தின் 31அ பிரிவின்படி ஒரு தொழிலகத்தை மூடவும், அதன் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தவும் வாரியம் உத்தரவிடலாம். ஆனால் வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது மாநில அரசு. வடசென்னை அனல் மின்நிலையம் மாநில அரசுக்குச் சொந்தமானது. வல்லூரின் 1,500 மெகாவாட் நிலையத்திலும் அதற்குப் பங்கு உண்டு. அரசின் ஓர் அங்கம் மற்றோர் அங்கத்தைத் தண்டிக்க வேண்டிய இந்த அமைப்பில், அந்தக் கடைசி ஆயுதம் எளிதில் உறையைவிட்டு வராது என்பதை நாம் தெரிந்தே செயல்பட வேண்டும். 2023 இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், வாரியத்தின் உத்தரவை மீறுவோருக்குச் சிறைக்குப் பதிலாக 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை என்றாகிவிட்டது. பெரிய நிறுவனங்களுக்கு இது ஒரு தொகையே இல்லை. சூழலைச் சீர்செய்வதற்கான இழப்பீட்டை வாரியங்களே விதிக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை, அந்த வகையில், முக்கியமான முன்னேற்றமாகக் கருதுகிறேன்.

எண்ணூரைப் பொறுத்தவரை வாரியத்துக்குக் கடமை கூடுதலாகவே உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வதால் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் தூசி படிகிறது என்ற வழக்கில், 2011 இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை அங்கே நிறுத்தச் சொன்னது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்துக்கு மறுக்க முடியாததாக இருந்த பாதுகாப்பு எண்ணூர்க்காரர்களுக்கும் உரியதே.

கிடங்குக்குள் வேலை செய்வோரின் உடல்நலம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பொறுப்பு என்பதால், அந்தப் புகாரை அங்கேதான் தர வேண்டும். வாரியம் நடவடிக்கை எடுக்காவிட்டால், சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். அங்கே போகும்போது, இசைவாணையின் நகல், தேதியிட்ட படங்கள், வாரியத்துக்கு அனுப்பிய மனு, அதைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை ஆகிய நான்கும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.