வீரர் மீது புகார் கொடுத்தால் விளையாட்டுச் சங்கம் நியாயமாக விசாரிக்குமா?

ஆட்டத்தின்போது எதிரணி வீரர் தரக்குறைவாகத் திட்டியதாகவும், சங்கத்திடம் புகார் கொடுத்தால் அது கண்துடைப்பாகிவிடுமோ என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயங்காமல் கொடுங்கள். ஆனால் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். பல புகார்கள் பொய் என்பதால் தோற்பதில்லை, பதிவு இல்லாததால்தான் தோற்கின்றன.

2008 ஜனவரியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய சிட்னி கிரிக்கெட் டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய வீரர் ஆண்ட்ரூ சைமண்ட்ஸை இனரீதியாக இழிவுபடுத்தியதாக இந்திய வீரர் ஹர்பஜன் சிங் மீது புகார் எழுந்தது. கள நடுவர்கள் காதில் எதுவும் விழவில்லை. ஒழுங்கு மீறல்களை விசாரிக்கும் ஆட்ட நடுவர் மைக் புரோக்டர் ஆஸ்திரேலிய வீரர்களின் சாட்சியத்தை ஏற்று 3 டெஸ்டுகளுக்குத் தடை விதித்தார். மேல்முறையீட்டை விசாரித்த நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹான்சன், இனவெறிக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று சொல்லி, வசைமொழிக்காக ஆட்டச் சம்பளத்தில் 50 சதவீதத்தை அபராதமாக விதித்தார். எனக்கு இன்றும் ஆறாதது அதற்குப் பிறகு வெளிவந்த செய்திதான்: ஹர்பஜனின் முந்தைய குற்றங்கள் முழுமையாக நீதிபதி ஹான்சன் முன் வைக்கப்படவே இல்லை. தெரிந்திருந்தால் தண்டனை கூடியிருக்கும் என்று ஹான்சனே சொன்னார். நீங்கள் யார் பக்கம் நின்றாலும் சரி, உலக அமைப்பான சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலே பழைய பதிவேட்டை ஒழுங்காக எடுத்து வைக்கவில்லை என்பதை ஏற்கவே முடியாது.

நடைமுறை பொதுவாக ஒன்றுதான். குற்றச்சாட்டு வீரருக்கு எழுத்தில் போகும். ஒப்புக்கொண்டால் தண்டனை, மறுத்தால் விசாரணை, அதன்பின் மேல்முறையீடு. எந்த அமைப்பின் விதி என்பதையும் பாருங்கள். 2018இல் பந்தைச் சேதப்படுத்திய விவகாரத்தில் அன்றைய ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்டீவ் ஸ்மித்துக்கு சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் விதித்தது ஒரு டெஸ்ட் தடை. அவருடைய சொந்த வாரியம் விதித்தது 12 மாதத் தடை.

விசாரணைக் குழுவில் அந்த வீரரின் பயிற்சியாளரோ, அணித் தேர்வாளரோ, கிளப் நிர்வாகியோ இருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். அவரால் ஜெயிக்கும் அணியை நம்பி இருப்பவர் அவருக்கு நீதிபதியாக உட்காரக் கூடாது. சிறிய சங்கங்களில் மூன்று பேரே எல்லாப் பொறுப்பிலும் இருப்பார்கள். அப்போது வெளியிலிருந்து ஒருவரை நியமிக்கக் கேட்பது உங்கள் உரிமை. பாலியல் தொல்லை, மிரட்டல், சிறுவர்கள் தொடர்பான புகார் என்றால் சங்கத்தோடு நிறுத்தாமல் காவல்துறைக்கும் போங்கள்.

புகாரில் நேரம், இடம், சொன்ன வார்த்தைகள் அப்படியே, அருகில் நின்றவர்களின் பெயர்கள் இவை இருக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். சில சங்கங்களில் புகார் கொடுக்கவும் மேல்முறையீடு செய்யவும் கெடு மிகக் குறைவாக இருக்கும், விதிப் புத்தகத்தில் முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.