மூன்றரை வயதுக் குழந்தையின் விரல்கள் பழக எந்தப் பொம்மை வாங்கலாம்?

உங்கள் மகன் பென்சிலை முஷ்டிக்குள் வைத்துப் பிடிக்கிறான், விரல்களுக்குப் பயிற்சி தரும் கல்விப் பொம்மை எது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளும் அப்படித்தான் பிடித்தாள். பள்ளியில் அதைக் குறையாகச் சொன்ன அன்றே மதுரை விளக்குத்தூண் பக்கம் போய், அட்டையில் ‘அறிவு வளர்ச்சிக்கு’ என்று போட்டிருந்த பேட்டரி பொம்மை ஒன்றை வாங்கி வந்தேன். பொத்தானை அழுத்தினால் பாடும், விலங்குகளின் பெயர் சொல்லும். ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன்: அத்தனை நேர விளையாட்டிலும் அவளுக்கு வேலை செய்தது ஆள்காட்டி விரல் ஒன்றுதான்.

அதன் பிறகு கடையில் எதை எடுத்தாலும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து பிடிக்கவோ திருகவோ கோக்கவோ அதில் ஏதாவது இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். மாண்டிசோரி வகுப்புகளில் உள்ள மர உருளைகளின் தலையில் சிறு குமிழ் இருக்கும். குழந்தை அதை மூன்று விரலால் தூக்கிக் குழியில் பொருத்தும். நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போவதும் அந்த மூன்று விரல்கள்தான்.

வாங்குவதென்றால் குமிழ் வைத்த மரப் புதிர்ப் பலகை, பெரிய மரமணிகளும் கயிறும், போல்ட்டும் நட்டும் திருகி மாட்டும் பெட்டி ஆகியவை போதும். கயிற்றின் நுனியில் செல்லோடேப் சுற்றிக் கொடுங்கள். நுனி துவண்டால் பிள்ளை சலித்து எறிந்துவிடும். பொம்மைகளுக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பார்த்து வாங்குங்கள்.

ஆனால் என் மகளின் பிடி மாறியதற்குக் கடைப் பொம்மைகளை விட வீட்டில் கிடைத்தவைதான் அதிகம் உதவின. சாக்பீஸை ஒரு அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுத்தேன். அவ்வளவு சிறிய துண்டை முஷ்டிக்குள் வைத்து எழுத முடியாது. விரல் நுனிகள் தாமாகவே வந்து பிடித்துக்கொண்டன. சிலேட்டை மடியில் வைக்காமல் சுவரில் மாட்டினேன். நிமிர்ந்த பரப்பில் வரையும்போது மணிக்கட்டு பின்பக்கமாக வளைந்து நிற்கிறது, விரல்களுக்கு நல்ல பிடிமானம் கிடைக்கிறது.

மாலையில் என் அத்தை மல்லிகை கட்டுவார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டுகளை இரண்டிரண்டாகக் காம்பு சேர்த்து எடுத்துக் கொடுப்பாள். நசுக்கினால் அத்தை திருப்பிக் கொடுத்துவிடுவார். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை அந்த மொட்டுகள்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தன. பலம் வந்தது களிமண்ணில். கொலு பொம்மை செய்யும் விளாச்சேரி எங்களுக்குப் பக்கம்தான். அங்கிருந்து ஒரு உருண்டை கேட்டு வாங்கி வந்தால் பல நாள் பிசைவாள். உங்களுக்குக் கிடைக்காவிட்டால் சப்பாத்தி மாவு போதும்.

ஐந்து வயதில் பல்லாங்குழிக்கு வந்தாள். புளியங்கொட்டை முத்துகளை உள்ளங்கையில் அடக்கியபடி, ஒன்றை மட்டும் விரல் நுனிக்கு நகர்த்திக் குழியில் விட வேண்டும். பெரியவர்கள் யோசிக்காமல் செய்கிறோம், குழந்தைக்கோ அது பெரிய வித்தை. முதலில் முழுக் கையையும் திறந்து கொட்டிவிட்டாள். ஒவ்வொன்றாக விழ ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது.

உங்கள் மகனுக்கு இப்போது பல்லாங்குழி வேண்டாம், புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொள்ளும் வயது. சாக்பீஸ் துண்டிலும் மாவு உருண்டையிலும் தொடங்குங்கள், நீங்களும் கூடவே உட்காருங்கள். பேட்டரி பொம்மை ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதன் பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுகியிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயை ஓரிரு மணி நேரத்திலேயே அரித்துவிடும்.