ஐஸ் ஹாக்கி ஆடும் என் 12 வயது மகன் நன்றாகச் சறுக்குகிறான், ஆனால் ஆட்டம் புரிவதில்லை. என்ன செய்யலாம்?

நீங்கள் கனடாவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பனியே பார்க்காத மதுரைக்காரனுக்கு இதில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஹாக்கி ஆடி வளர்ந்தவன் நான். இன்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டும் ஒரே ஆட்டம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஹாக்கியில் ஆஃப்சைடு விதியை 1990களிலேயே எடுத்துவிட்டார்கள். அங்கே பக் எனும் ரப்பர் வட்டு போகும் முன்பே ஆள் எதிரணிப் பக்கத்து நீலக்கோட்டைத் தாண்டிப் போனால் ஆஃப்சைடு. எங்களுக்கு எல்லைக்கோடு, அங்கே சுற்றிலும் சுவர், பக் அதில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் நிற்காது. ஆனால் கண்ணுக்கு இரண்டிலும் ஒரே வேலைதான்.

உங்கள் மகனுக்குப் புத்தி போதவில்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். அவன் பக்கையே பார்த்துக்கொண்டிருப்பான். பார்க்காத ஆட்டம் எப்படிப் புரியும்?

கனடாவின் பிராம்ப்டனில் இருக்கும் என் அக்கா பேரனுக்கும் இதே குறை இருந்தது. கோடை விடுமுறைக்கு மதுரை வந்தபோது, பயிற்சி விட்டுப்போகுமே என்று அவன் அப்பா கவலைப்பட்டான். மொட்டை மாடியில் பிளைவுட் பலகை ஒன்றைப் போட்டு, கோல்ஃப் பந்தைக் கொடுத்து, மட்டையால் இடமும் வலமுமாகத் தட்டச் சொன்னேன். எதிரே நின்று நான் விரல்களைக் காட்டுவேன். எத்தனை என்று அவன் தட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். முதலில் பந்து தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. போகப் போக, நான் நடந்துகொண்டே காட்டினாலும் சொல்லிவிட்டான். அடுத்து, பந்து வந்து சேரும் முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்க்கப் பழக்கினேன். அவன் முதுகுக்குப் பின்னால் நான் துண்டைத் தூக்கியிருந்தால் இடப்பக்கம் திரும்ப வேண்டும், இல்லையென்றால் வலப்பக்கம்.

குளிர்காலத்தில் அக்கா மகனிடமிருந்து போன் வந்தது. "மாமா, சுவரோரம் பக்கை எடுக்கப் போகும்போதே திரும்பிப் பார்த்துவிடுகிறான். எதிராளி வந்து மோதுவதற்குள் பாஸ் போய்விடுகிறது" என்றான். அன்று நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

கனடாவின் புகழ்பெற்ற ஐஸ் ஹாக்கி வீரர் வெயின் கிரெட்ஸ்கி சிறுவயதில் டிவியில் ஆட்டம் பார்க்கும்போது, தாளில் அரங்கை வரைந்து, பக் போகும் வழியெல்லாம் பென்சிலால் கோடிழுப்பாராம். கோடுகள் எங்கே அடர்கின்றனவோ அங்கேதான் பக் அதிகம் வரும். பின்னாளில் வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கித் தொடரான என்.எச்.எல். லீக் ஆட்டங்களில் 1,963 கோல்களுக்குப் பந்தி வைத்ததுபோல் பக்கை எடுத்துக் கொடுத்தவர் அவர். 2025இல் எங்கள் ஹாக்கியின் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் மதுரையில் நடந்தபோது, என் பிள்ளைகளிடமும் பந்தை விட்டுவிட்டு ஒரே ஓர் ஆட்டக்காரரைக் கவனிக்கச் சொன்னேன்.

கவனிக்க நேரம் கிடைப்பதே ஒரு கொடுப்பினை. இங்கே விளையாட்டு வகுப்பு அட்டவணையில் மட்டும்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் அந்த நேரத்தைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. நடுக்களத்தில் அருமையாக ஆடிய மாணவி ஒருத்தியைத் தேர்வைச் சொல்லி நிறுத்தினார்கள். தேர்வும் முடிந்தது, அடுத்த வகுப்புக்கும் அதே காரணத்தைச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஆறவில்லை.

உங்கள் மகனோ முக்கால் நிமிடம் ஆடிவிட்டு பெஞ்சுக்கு வந்துவிடுவான். அங்கே தலையைக் குனிந்து உட்காராமல், தன் இடத்தில் இறங்கியவனைப் பார்க்கச் சொல்லுங்கள். காரில் வீடு திரும்பும்போது எத்தனை கோல் என்று கேட்காதீர்கள். பக் உன்னிடம் இல்லாதபோது எங்கே நின்றாய் என்று கேளுங்கள்.