அந்த வீடு யார் பணத்தில் வாங்கியது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நாடகம் வாசிக்கிறோம். ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடி, ஆளுக்கொரு பாத்திரம், நடுவில் டீ. அவ்வளவுதான். சில மாதங்களாக அமெரிக்க நாடகங்கள். ஓ'நீல், மில்லர், டென்னசி வில்லியம்ஸ் முடித்துவிட்டோம். உண்மையைச் சொன்னால் அலுப்புத் தட்டிவிட்டது. எதை எடுத்தாலும் அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை, குடிக்கிற அண்ணன், தன்னிலை மறந்த அம்மா, வீட்டுக்குள் ஒரு ரகசியம். கடைசி அங்கத்தில் அது வெளியே வரும், எல்லோரும் கத்துவார்கள், திரை விழும்.

எங்கள் குழுவில் ஒருவர், “அங்கே பதினெட்டு வயசானால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்கள். குடும்பமே இல்லாத நாட்டில் குடும்ப நாடகம் இப்படித்தான் இருக்கும்” என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏன் இந்த நாடகங்கள் இப்படி இருக்கின்றன? அடுத்து எதை வாசிக்கலாம்?

அன்புடன்,
எம்.

---

அன்புள்ள எம்.,

உங்கள் நண்பரிடம் மூன்று வயதுகளைச் சொல்லுங்கள். ஓ'நீலின் ‘லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்’ நாடகத்தில் மூத்த மகன் ஜேமிக்கு 33. அப்பாவின் வீட்டில், அப்பாவின் விஸ்கியைத் திருடிக் குடித்துக்கொண்டு இருக்கிறான். மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தில் பிஃபுக்கு 34. எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பழைய படுக்கையறைக்கே திரும்பி வந்திருக்கிறான். லோரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகத்தில் வால்டர் லீக்கு 35. கல்யாணமாகிப் பதினொரு வருடம், ஒரு பையன், எல்லோரும் அம்மாவோடு ஒரே நெருக்கடியான குடித்தனத்தில். பையன் கூடத்து சோபாவில் தூங்குகிறான். பதினெட்டில் வெளியே போனவர்கள் யார்? பாசம் அற்றுப்போனவர்களுக்கு நான்கு அங்கம் நின்று சண்டை போட வேண்டிய அவசியமும் இல்லை. கதவைத் திறந்து போய்விடலாம்.

இவர்களை அந்தக் கூடத்தில் கட்டிவைத்திருப்பது எது என்று பார்த்தால், அன்புக்குப் பக்கத்திலேயே பணம் உட்கார்ந்திருக்கிறது. பணக்காரர்களின் சொத்துத் தகராறைச் சொல்லவில்லை. வீட்டில் யாரோ ஒருவர் உடம்பைக் கொடுத்து வந்த பணம். அதை மற்றவர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள், அதில் குடியிருக்கிறார்கள். நான் இந்த நாடகங்களை வாசிக்கும்போது மனதில் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த வீடு யார் பணத்தில் வாங்கியது?

இதை நேராகவே பேசும் நாடகம் ஆகஸ்ட் வில்சனின் ‘ஃபென்சஸ்’. 1985-ல் யேல் ரெபர்ட்டரி அரங்கிலும் 1987-ல் நியூயார்க்கின் பிராட்வேயிலும் மேடையேறியது, புலிட்சர் பரிசு பெற்றது. கதை 1957-ல் தொடங்குகிறது. டிராய் மேக்ஸ்சன் குப்பை அள்ளும் தொழிலாளி, 53 வயது. இளமையில் நல்ல பேஸ்பால் ஆட்டக்காரர். ஆனால் கறுப்பர்களைப் பெரிய லீக்குகளில் சேர்க்காத காலம் அது. சேர்க்கத் தொடங்கியபோது அவருக்கு வயதாகிவிட்டது. அவருடைய தம்பி கேப்ரியல் இரண்டாம் உலகப் போரில் தலையில் அடிபட்டு, மண்டையில் உலோகத் தகடு வைத்துத் திரும்பியவர். தன்னைத் தேவதூதர் கேப்ரியல் என்றே நம்புகிறார். அரசாங்கம் இழப்பீடாக 3,000 டாலர் கொடுத்தது. டிராயின் வீடு அந்தப் பணத்தில் வாங்கியதுதான். அது இல்லாவிட்டால் தனக்குத் தலைக்கு மேல் கூரையே இருந்திருக்காது என்று டிராயே ஒரு கட்டத்தில் மனைவியிடம் புலம்புகிறார்.

இதை வைத்துக்கொண்டு முதல் அங்கத்தின் மூன்றாவது காட்சியைப் பாருங்கள். ஒரு சனிக்கிழமை. அப்பாவும் மகன் கோரியும் வேலிக்குப் பலகை அறுக்கிறார்கள். டிவி வாங்கலாமே, 200 டாலர்தான் என்கிறான் மகன். அப்பா கூரையைக் காட்டுகிறார். தார் போட 264 டாலர் ஆகும், ஒழுகத் தொடங்கினால் டிவியை வைத்து என்ன செய்வாய் என்று கேட்கிறார். அப்புறம் மனசு இளகி, நீ 100 கொண்டுவா, மீதி 100 நான் போடுகிறேன் என்கிறார். இதுவரை எந்த வீட்டிலும் நடக்கிற பேச்சுதான். பேச்சு கோரியின் அமெரிக்கக் கால்பந்து பக்கம் திரும்புகிறது. ஆடவே கூடாது என்கிறார் அப்பா. அப்போதுதான் மகன் கேட்கிறான்: உங்களுக்கு ஏன் என்னை எப்போதுமே பிடிக்கவில்லை?

டிராய் பதிலுக்குக் குறுக்கு விசாரணையைத் தொடங்குகிறார். நிமிர்ந்து நில். தினமும் சாப்பிடுகிறாயா? தலைக்கு மேல் கூரை இருக்கிறதா? போட்டுக்கொள்ளத் துணி இருக்கிறதா? இதெல்லாம் ஏன் கிடைக்கிறது? உங்களுக்கு என்னைப் பிடிப்பதால் என்று மகன் முனகுகிறான். டிராய் வெடிக்கிறார். பிடித்ததற்காக இல்லை, நீ என் ரத்தம், உன்னைக் காப்பாற்றுவது என் கடமை. முதலாளி எனக்குச் சம்பளம் கொடுப்பது என்னைப் பிடித்ததற்காக அல்ல, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறான். ஊரில் யாருக்கு உன்னைப் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்காதே, உனக்குச் சேர வேண்டியதை அவர்கள் ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று பார்.

மேலோட்டமாக வாசித்தால் இது கொடூரமான அப்பா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளைக்காரனின் பிரியத்தை நம்பி ஏமாந்த ஒரு மனிதர், தன் மகன் அதே பள்ளத்தில் விழக்கூடாது என்று தனக்குத் தெரிந்த ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். அந்தப் பாடம் வீட்டுக்குள் விஷமாகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. கடன், வரவு, கடமை என்று பேசக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை ஒருநாள் கணக்குக் கேட்பான். கேட்கிறான். இரண்டாம் அங்கத்தில், என் முற்றத்தைவிட்டு வெளியே போ என்று டிராய் கத்தும்போது, இது உங்கள் முற்றமே இல்லை, சித்தப்பாவுக்கு ராணுவம் கொடுத்த பணத்தில் வாங்கிய வீடு, அப்புறம் அவரையே வெளியே அனுப்பிவிட்டீர்கள் என்கிறான். அதற்குமுன்பே கேப்ரியல் மனநல மருத்துவமனைக்குப் போயாகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத டிராய் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதால், தம்பிக்கு வரும் பணத்தில் பாதி மருத்துவமனைக்கும் பாதி டிராய்க்கும் வருகிறது. இதில் யாரைத் தனியாகக் குற்றம் சொல்வீர்கள்?

ஹான்ஸ்பெரியின் நாடகம் இதற்கு 28 வருடம் முந்தியது. 1959-ல் பிராட்வேக்கு வந்தது. ஒரு கறுப்பினப் பெண் எழுதி அங்கே மேடையேறிய முதல் நாடகம். சிகாகோவின் தெற்குப் பகுதி. அப்பா உழைத்து உழைத்தே செத்துப்போனார். அவருடைய 10,000 டாலர் இன்சூரன்ஸ் காசோலைக்காகக் குடும்பமே காத்திருக்கிறது. அம்மா அதில் 3,500 டாலரை ஒரு வீட்டுக்கு முன்பணமாகக் கட்டிவிட்டு மீதியை மகன் வால்டரிடம் கொடுக்கிறாள். அதில் தங்கையின் படிப்புக்கு 3,000 எடுத்துவைக்கச் சொல்கிறாள். அவன் மொத்தத்தையும் சாராயக்கடை வியாபாரத்தில் போடுகிறான், கூட்டாளி ஓடிவிடுகிறான். செய்தி வந்ததும் வால்டர் கத்துகிறான், அந்தப் பணம் என் அப்பாவின் சதையால் ஆனது என்று. அதை அடித்துச் சொல்லத் தகுதி குறைந்தவன் அந்த வீட்டில் அவன்தான். அதனால்தான் காட்சி அவ்வளவு வலிக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது முதல் காட்சியில் வரும் சின்ன விஷயம். பையன் டிராவிஸ் பள்ளிக்கு 50 சென்ட் கேட்கிறான். இல்லை என்கிறாள் அம்மா ரூத். வால்டர் அவளை முறைத்துக்கொண்டே 50 சென்ட் எடுத்துக் கொடுக்கிறான். போதாதென்று இன்னொரு 50 சென்ட்டும் கொடுக்கிறான், பழம் வாங்கிச் சாப்பிடு என்று. பையன் முன்னால் ஒரு நிமிடம் பெரிய மனிதன். சற்று நேரம் கழித்து வேலைக்குப் போகக் கிளம்பியவன் திரும்பி வந்து மனைவியிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்கிறான். அவளும் கொடுக்கிறாள், டாக்சியிலேயே போ என்று ஒரு குத்தலோடு. அந்தத் தாம்பத்தியம் முழுவதும் இந்த ஒரு டாலர் கணக்கில் இருக்கிறது. ரகசியம் எதுவும் உடைய வேண்டியதில்லை.

இந்த நாடகத்தில் வீடு என்பது வெறும் வீடும் அல்ல. கறுப்பர் பகுதியில் கட்டும் வீடுகள் இரண்டு மடங்கு விலை என்று வால்டரின் அம்மா சொல்கிறாள். அதனால்தான் வெள்ளையர் பகுதியில் வாங்குகிறாள். வராமலிருக்கப் பணம் தருகிறோம் என்று ஒருவர் கோட்டு சூட்டோடு வந்து நயமாகப் பேசுகிறார். ஹான்ஸ்பெரிக்கு இது கேள்விப்பட்ட கதையும் அல்ல. அவருடைய தந்தை வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்கியதால் வந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940-ல் தீர்ப்பானது. உங்கள் நண்பருக்கு இதையும் சொல்லலாம். அங்கே குடும்பச் சண்டைக்குக் காரணம் குடும்பம் இல்லாதது அல்ல. நோய், முதுமை, வீடு, படிப்பு எல்லாவற்றின் சுமையும் அந்தச் சின்னக் கூடத்தின் மேலேயே இறங்குவதுதான்.

மில்லரை நீங்களே வாசித்துவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லி லோமனுக்கு 63 வயது. தன் உயிரின் விலை 20,000 டாலர் இன்சூரன்ஸ் என்று கணக்குப் போட்டுச் சாகிறார். 25 வருட வீட்டுக் கடனின் கடைசித் தவணையை மனைவி லிண்டா அவரை அடக்கம் செய்யும் நாளில்தான் கட்டியிருக்கிறாள். பாஸ்டன் ஓட்டல் அறையில் அப்பா வேறொரு பெண்ணோடு இருப்பதைப் பிஃப் பார்த்துவிடும் ரகசியம் எனக்கு நாடகத்தின் பலவீனமான இடமாகவே படுகிறது. பிஃபின் பதினைந்து வருடத் தோல்வியை ஒரு பெண்ணின் தலையில் கட்டுவதுபோல இருக்கிறது. ரகசியம் உடையும் காட்சிகள் பற்றி நீங்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. ட்ரேசி லெட்ஸின் ‘ஆகஸ்ட்: ஓசேஜ் கவுன்டி’யில் ஆளுக்கொரு ரகசியம் உடைகிறது, பாதியில் எண்ணுவதை விட்டுவிடுவோம். ஆனால் அதிலும் கடைசியில் வருவது நம் கேள்விதான். காணாமல்போன கணவன் எந்த மோட்டலில் இருக்கிறான் என்று வயலட்டுக்குத் தெரியும். வங்கி திறந்து லாக்கரைக் காலிசெய்யும் வரை அவள் அங்கே போன் செய்யவில்லை.

ஓ'நீலிடம் திரும்புகிறேன், ஏனென்றால் அலுப்போடு நீங்கள் கடந்துபோனதில் அவர்தான் எனக்கு வருத்தம். 1912 ஆகஸ்டில் ஒரே நாள், சொந்தக் குடும்பத்தின் கதை. தட்டம்மையில் இறந்த குழந்தை அண்ணனின் பெயர் நிஜத்தில் எட்மண்ட். நாடகத்தில் அந்தப் பெயரைத் தன்னுடைய பாத்திரத்துக்கு வைத்துவிட்டு, செத்த குழந்தைக்கு யூஜின் என்று தன் பெயரை வைத்தார். தான் இறந்து 25 வருடம் கழித்தே அச்சிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். 1953-ல் இறந்தார். மனைவி கார்லோட்டா 1956-லேயே வெளியிட்டுவிட்டார். முதலில் அரங்கேறியது ஸ்டாக்ஹோமில்.

நான்காம் அங்கத்தின் தொடக்கத்தை மறுபடி வாசியுங்கள். நடுராத்திரி, அப்பா டைரோன் குடித்துவிட்டுத் தனியாகச் சீட்டு விளையாடுகிறார். இருட்டில் முழங்காலை இடித்துக்கொண்டு வந்த எட்மண்ட் ஹால் விளக்கை அணைக்க மறுக்கிறான். சண்டை. வீம்புக்கு டைரோன் எழுந்து மேலே இருக்கும் பல்புகளை ஒவ்வொன்றாகப் போடுகிறார், எரியட்டும், கடைசியில் ஏழைகள் விடுதிதானே என்று. அந்த வெளிச்சத்தில்தான் தன் பத்து வயதைச் சொல்கிறார். பட்டறையில் பன்னிரண்டு மணி நேர வேலை, வாரத்துக்கு 50 சென்ட் கூலி. (மறுபடி அதே 50 சென்ட்!) கைநிறையச் சம்பாதித்துக் கொடுத்த ஒரே நாடகத்தை ஆயுள் முழுக்க நடித்து, நல்ல நடிகனாக வந்திருக்க வேண்டிய தன்னைத் தானே விற்றுவிட்டதாக ஒப்புக்கொள்கிறார். சல்லிசான டாக்டர், மனைவிக்கு மார்ஃபின் போதைப் பழக்கம், மகனுக்கு அரசாங்கக் காசநோய் விடுதி, எல்லாம் அந்த 50 சென்ட்டில் தொடங்கியது. எட்மண்ட் முதல்முறையாக அப்பாவைப் புரிந்துகொள்கிறான். அடுத்த நிமிடமே டைரோன், கண் கூசுகிறது, மின்சாரக் கம்பெனிக்கு எதற்குப் பணம் என்று எழுந்து பல்புகளை அணைக்கிறார். எட்மண்ட் சிரிப்பை அடக்கிக்கொள்கிறான். உங்கள் மாடியில் இதைக் கண்ணீரும் கம்பலையுமாக வாசித்திருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். இது சிரிக்க வேண்டிய இடம். சிரித்தால்தான் பின்னால் வருவது தாங்கும்.

சரி, அடுத்தது. ‘ஃபென்சஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மூன்றாவது காட்சியிலிருந்தே தொடங்கலாம். டிராயாக வாசிப்பவர் கத்தாமல் வாசிக்க வேண்டும். அது பாடம் நடத்தும் குரல். அது முடிந்ததும் சூசன்-லோரி பார்க்ஸின் ‘டாப்டாக்/அண்டர்டாக்’. 2002-ல் புலிட்சர் வாங்கியது. இரண்டே பாத்திரம், அண்ணன் தம்பி. பெயர் லிங்கன், பூத்; அதிபர் லிங்கனும் அவரைச் சுட்டவனும். அப்பா வேடிக்கைக்காக வைத்தது. பெற்றோர் ஒருவர்பின் ஒருவராக வீட்டைவிட்டுப் போனபோது ஆளுக்கு 500 டாலர் கொடுத்துப் போனார்கள். அண்ணன் செலவழித்துவிட்டான். தம்பி அம்மா பணத்தை வைத்துக் கொடுத்த காலுறையைப் பிரிக்காமலே வைத்திருக்கிறான். பேசுவதை அப்படியே எழுத்துக்கூட்டி எழுதியிருப்பதால் கண்ணால் படித்தால் தடுக்கும், வாய்விட்டு வாசித்தால் ஓடும். ஆள் மாற்றி ஆள் வாசியுங்கள். முடிவை மட்டும் யாரும் முன்னாலேயே புரட்டிவிட்டு வரவேண்டாம். மற்ற நாடகங்களில் பாதியை நானே போட்டு உடைத்துவிட்டேன், இதையாவது விட்டுவைக்கிறேன்.