காம் 7 யார் கையில்?

ஐயா, வணக்கம்.

துவாஸில் பழைய இரும்பு வாங்கும் ஓரிடத்தில் வேலை செய்கிறேன். இங்கே லாரிகளை ஏற்றி நிறுக்கும் எடைமேடை இருக்கிறது. எடைகாட்டியிலிருந்து சீரியல் கம்பி வழியாகக் கணினிக்கு எடை வரும். சீட்டு அடிக்கும் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும். சென்ற மாதம் அந்தக் கணினி பழுதாகிவிட்டது. வட்டை மட்டும் காப்பாற்றி, விண்டோஸ் 11 உள்ள புதிய கணினியில் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது மெய்நிகர் கணினியை, ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, எக்ஸ்பியை அதற்குள் எழுப்பிவிட்டேன். மென்பொருள் திறக்கிறது, எடை வரவில்லை. புதிய கணினியில் சீரியல் போர்ட் இல்லாததால் யுஎஸ்பி மாற்றி ஒன்றை வாங்கி மாட்டினேன். அது காம் 7 என்ற சீரியல் போர்ட்டாகத் தெரிகிறது. சீரியல் போர்ட்டில் வருவதைத் திரையில் காட்டும் டெரா டெர்ம் நிரலில் எடை அழகாக ஓடுகிறது. ஆனால் காம் 7-ஐ அமைப்பில் கொடுத்தால் மெய்நிகர் கணினி கிளம்ப மறுக்கிறது. யுஎஸ்பி பட்டியலில் மாற்றியைத் தேர்ந்தெடுத்தால் காம் 7 காணாமல் போகிறது, எக்ஸ்பி டிரைவர் கேட்கிறது. மெய்நிகர் கணினியில் இது நடக்காது, எல்லாவற்றையும் புதிதாக வாங்குங்கள் என்கிறார் தெரிந்த ஒருவர். முதலாளி சனிக்கிழமை வரை பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். உண்மையிலேயே முடியாதா? திரையின் படத்தை இணைத்திருக்கிறேன்.

– துவாஸிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். விடையில் பாதி உங்கள் கடிதத்திலும் மீதி நீங்கள் அனுப்பிய படத்திலும் இருக்கிறது. படத்தின் கீழ்மூலையைப் பாருங்கள். டெரா டெர்ம் சாளரம் திறந்தே கிடக்கிறது. விண்டோஸில் ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். நீங்கள் சோதித்துப் பார்த்த நிரல் காம் 7-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும்போது விர்ச்சுவல்பாக்ஸ் போய்க் கேட்கிறது, கதவு திறக்கவில்லை, அதனால் கிளம்ப மறுக்கிறது. டெரா டெர்மை மூடிவிட்டு மறுபடி முயன்றால் உங்கள் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

ஆனால் இரண்டாவது முயற்சியில் நடந்ததையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேறு உருவில் இதே சிக்கல் வரும். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள தபால்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். குடியிருப்பவருக்கு வரும் கடிதம் அவர் கைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. பெட்டியை நீங்களே திறந்து, கடிதத்தை எடுத்துவந்து அவர் அறையில் கொடுக்கலாம். அல்லது பெட்டிச் சாவியையே அவரிடம் கொடுத்துவிடலாம். இருப்பது ஒரே சாவி. கொடுத்துவிட்டால் அதன்பின் உங்களால் பெட்டியைத் திறக்க முடியாது.

விர்ச்சுவல்பாக்ஸின் சீரியல் போர்ட் அமைப்பில் 'ஹோஸ்ட் டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து காம் 7 என்று எழுதுவது முதல் வழி. மாற்றியின் டிரைவர் விண்டோஸ் 11-இல் இருக்கும், எழுத்துகள் மட்டும் உள்ளே போகும். யுஎஸ்பி பட்டியலில் மாற்றியைத் தேர்ந்தெடுப்பது சாவியைக் கொடுப்பது. முழுச் சாதனமும் எக்ஸ்பியிடம் போய்விடுகிறது. வெளியே காம் 7 மறைவதும் எக்ஸ்பி டிரைவர் கேட்பதும் அதனால்தான். அது பிழையன்று, நீங்கள் கேட்டதையே அது செய்திருக்கிறது. இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. உங்கள் படத்தில் இரண்டும் அரைகுறையாக நிற்கின்றன.

உங்களுக்கு முதல் வழிதான் சரி. எக்ஸ்பிக்குள் எந்த டிரைவரும் தேவையில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் உள்ளே காட்டுவது சீரியல் போர்ட்டை இயக்கும் பழைய 16550ஏ சில்லின் நகல். எக்ஸ்பிக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம். வெளியே காம் 7 ஆனாலும் காம் 12 ஆனாலும், முதல் போர்ட்டாக அமைத்தால் உள்ளே அது காம் 1 என்றே தெரியும். பழைய எடை மென்பொருள்கள் பலவற்றுக்கு காம் 1, காம் 2 தவிர வேறெதுவும் தெரியாது. வேகம், பிழையைக் கண்டுபிடிக்கச் சேர்க்கும் சமநிலை பிட் (parity) ஆகியவற்றை வெளியே தனியாக அமைக்க வேண்டியதும் இல்லை. உள்ளிருக்கும் மென்பொருள் கேட்பதை விர்ச்சுவல்பாக்ஸ் அப்படியே காம் 7-இல் அமைத்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காம் 1-க்கு உரிய 3எஃப்8 என்ற வன்பொருள் முகவரியில் இருக்கும் சில்லோடு நேரடியாகப் பேசும், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருள்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. யுஎஸ்பி மாற்றி மட்டும் உள்ள இன்றைய கணினியில் அந்த முகவரியில் எதுவும் இருக்காது. அதில் நேராக டாஸை ஏற்றினாலும் மென்பொருள் ஊமையாகத்தான் நிற்கும். மெய்நிகர் கணினிக்குள்ளோ அந்த முகவரியில் சில் இருக்கிறது. இப்படிப்பட்ட மென்பொருளுக்கு மெய்நிகர் கணினிதான் உண்மையான புகலிடம். எல்லாவற்றையும் புதிதாக வாங்கச் சொன்னவர் இதை யோசிக்கவில்லை. மேடைக்கு அடியில் இருக்கும் எடை உணரிகளில் ஒரு குறையும் இல்லாதபோது, ஒரு கணினி போனதற்காக முழுவதையும் பெயர்த்தெடுக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மெய்நிகர் கணினி எழுத்துகளைத் தவறவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். விநாடிக்கு 9600 பிட் என்ற வேகத்தில் ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 960 எழுத்துகள்தான் வரும், இன்றைய கணினிக்கு அது ஒரு சுமையே அல்ல. மில்லி விநாடிக் கணக்கில் பதில் எதிர்பார்க்கும் கருவிகளுக்குத்தான் தயங்க வேண்டும். யுஎஸ்பி மாற்றிகள் எழுத்துகளைச் சேர்த்துவைத்து அனுப்புபவை. எஃப்டிடிஐ நிறுவனத்தின் சில் உள்ளவற்றில் அந்தக் காத்திருப்பு வழக்கமாக 16 மில்லி விநாடி. லாரி எடைக்கு அது பொருட்டல்ல.

என் அனுபவம் ஒன்று. காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்கூடத்தில் இதேபோல் ஒரு முகவரிச்சீட்டு அச்சிடும் இயந்திரத்தை மெய்நிகர் கணினியோடு இணைத்துக் கொடுத்தேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது, ஒரு திங்கட்கிழமை நின்றது. அமைப்பையும் கம்பியையும் மென்பொருளையும் இரண்டு நாள் புரட்டினேன். வாரக்கடைசியில் மேசையைத் துடைத்தவர் மாற்றியைக் கழற்றி, பக்கத்துத் துளையில் மாட்டியிருக்கிறார். தனி வரிசை எண் இல்லாத மாற்றியைத் துளை மாற்றிச் செருகினால் விண்டோஸ் அதற்குப் புதிய காம் எண் கொடுத்துவிடும். காம் 3 காம் 6 ஆகியிருந்தது. அந்த இரண்டு நாளும் அங்கே ஆறு பேர் கையால் சீட்டு எழுதினார்கள், அதை இன்றும் மறக்கவில்லை. அன்றிலிருந்து மாற்றியை மாட்டியதும் துளையைச் சுற்றி நாடா ஒட்டி, காம் எண்ணை அதன்மேல் எழுதிவிடுகிறேன். நீங்களும் செய்யுங்கள். மலிவான மாற்றி வாங்கியிருந்தால், சிம் லிம் டவருக்குப் போய் எஃப்டிடிஐ சில் உள்ளது ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். புரொலிஃபிக் நிறுவனத்தின் பழைய சில்கள் சிலவற்றை விண்டோஸ் 11-இன் டிரைவர் ஏற்பதில்லை.

யுஎஸ்பி துளைகளுக்கு மின்சாரத்தை நிறுத்தும் சேமிப்பு அமைப்பை டிவைஸ் மேனேஜரில் அணைத்துவிடுங்கள். வெளிக் கணினி உறங்கப் போகாதபடியும் செய்யுங்கள்.

நாளை யாராவது மைக்ரோசாஃப்டின் மெய்நிகர் கணினி மென்பொருளான ஹைப்பர்-வி-க்கு மாறச் சொன்னால் மாற வேண்டாம். அதில் காம் போர்ட்டைப் நிரல்கள் தமக்குள் பேச உதவும் 'பெயரிட்ட குழாய்' (named pipe) ஒன்றோடுதான் இணைக்க முடியும், உண்மையான சீரியல் போர்ட்டை நேரே கொடுக்க வழியில்லை. எக்ஸ்பிக்கு இணையத்தையும் கொடுக்காதீர்கள். 2014 ஏப்ரலோடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. மெய்நிகர் கணினியின் பிணைய அட்டையை அமைப்பிலேயே அணைத்துவிடுங்கள். எடை வருவதற்கு அது தேவையில்லை.

சனிக்கிழமைக்குள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எக்ஸ்பியை அணைத்து, யுஎஸ்பி பட்டியலில் கொடுத்த மாற்றியைத் திரும்ப எடுங்கள். வெளியே காம் 7 மறுபடி தெரிகிறதா என்று பாருங்கள். டெரா டெர்மில் எந்த வேகத்தில், எத்தனை பிட்டில், எந்தச் சமநிலையில் எடை தெளிவாக வந்தது என்பதைத் தாளில் குறித்துக்கொண்டு அதை மூடுங்கள். பிறகு ஹோஸ்ட் டிவைஸ், காம் 7 என்று அமைத்து எக்ஸ்பியைக் கிளப்புங்கள். எடை மென்பொருளுக்குப் போகும் முன் எக்ஸ்பியோடு வரும் ஹைப்பர்டெர்மினலில் காம் 1-ஐத் திறந்து, குறித்துவைத்த எண்களைக் கொடுங்கள். அங்கே எடை ஓடினால் பாதை திறந்துவிட்டது, அதை மூடிவிட்டு மென்பொருளைத் திறக்கலாம். புரியாத எழுத்துகள் வந்தால் குறித்த எண்களில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. எடைகாட்டிகள் சிலவற்றில் 8 பிட்டுக்குப் பதில் 7 பிட்டும் இரட்டைப்படைச் சமநிலையும் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். எதுவுமே வராவிட்டால் அந்தத் திரையின் படத்தை வெள்ளி இரவுக்குள் எனக்கு அனுப்புங்கள். விழித்திருப்பேன்.