கட்டுரைத் தளத்துக்கு எது நல்லது: எல்லாம் தயாராகத் தரும் பில்டரா, சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ்ஸா?

நீங்கள் தனி ஆளாக, பல வருடம் எழுதிச் சேர்க்கும் எண்ணத்தில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் வேர்ட்பிரஸ், அதாவது நாமே வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடத்தில் (அதுதான் ஹோஸ்டிங்) நிறுவிக்கொள்ளும் தள மென்பொருள். ஆனால் மாதத்தில் ஒரு மாலையைக்கூட பராமரிப்புக்கு ஒதுக்க முடியாது என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், பில்டரில் நிம்மதியாக இருங்கள். நான் இரண்டிலும் அடிபட்டிருக்கிறேன்.

ஆறு வருடம் ஒரு பில்டரில் எழுதினேன், பெயர் வேண்டாம். இழுத்து வைத்தால் பக்கம் தயார், எஸ்எஸ்எல் (தளத்துக்கும் வாசகருக்கும் இடையே போகும் தகவலுக்கான பூட்டு), பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பாடு. ஒருநாள், பழைய எடிட்டரை நிறுத்துகிறோம், பக்கங்களைப் புதியதில் மறுபடி அமைத்துக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. சரி, கிளம்பிவிடலாம் என்று எக்ஸ்போர்ட் கொடுத்தால் கைக்கு வந்தது ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. கட்டுரைகளின் எழுத்து மட்டும் அதில் இருந்தது. படம் வர வேண்டிய இடத்திலெல்லாம் அவர்களுடைய சர்வர் முகவரி. கணக்கை மூடினால் படங்களும் போச்சு. 240 கட்டுரைகளின் படங்களை ஒவ்வொன்றாக இறக்கி மறுபடி ஏற்றினேன். பெரிய நிறுவனம், எங்கே போய்விடப் போகிறது என்று நினைக்காதீர்கள். இலவசமாகப் பக்கம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை 1999-ல் யாஹூ வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. அதிலிருந்த பக்கங்கள் எத்தனை பேருடைய உழைப்பு!

வேர்ட்பிரஸ்ஸில் அந்தப் பயம் இல்லை. எழுத்து மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில், படங்கள் அப்லோட்ஸ் ஃபோல்டரில். இரண்டையும் நகலெடுத்துக்கொண்டு எந்த ஹோஸ்டிங்குக்கும் போகலாம். தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைப்பிலிருந்து அது தானாக உருவாக்கும் முகவரிக்கு 200 எழுத்துதான் இடம். தமிழின் ஒவ்வொரு குறியும், கொம்பும் புள்ளியும்கூட, அங்கே ஒன்பது எழுத்தாக விரியும். அதனால் தலைப்பு 22 குறிகளுக்கு மேல் போனால் முகவரி பாதியில் அறுந்துவிடும். நான் இதைத் தெரிந்துகொள்வதற்குள் முகவரிகள் பரவிவிட்டன, பிறகு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் 301 ரீடைரெக்ட் (பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போட்டேன். நீங்கள் முதல் நாளிலிருந்தே முகவரியைக் கையால் சுருக்கி எழுதுங்கள்.

அப்புறம் ஹேக். ஒரு கேலரி ப்ளகினை (கூடுதல் வசதிக்காக வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்றரை வருடம் அப்டேட் செய்யாமல் விட்டிருந்தேன். நேராக முகவரி அடித்தால் தளம் ஒழுங்காகத் திறக்கும். தேடுபொறி வழியாக மொபைலில் வருகிறவர்களை மட்டும் ஒரு சூதாட்டத் தளத்துக்குத் தள்ளிவிடும். மூன்று வாரம் எனக்கே தெரியாது, ஒரு வாசகர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டரில் சர்வரில் இயங்கக்கூடிய நிரலாக ஒரு பிஎச்பி கோப்பு உட்கார்ந்திருந்தது. பேக்கப்பும் அதே சர்வரில், அதற்குள்ளும் அதே கோப்பு. சுத்தம் செய்ய நான்கு இரவுகள் ஆயின.

வேர்ட்பிரஸ்தான் தானாக அப்டேட் ஆகுமே என்று யாராவது கேட்பீர்கள். 2013-ல் வந்த 3.7 பதிப்பிலிருந்து சிறு திருத்தங்கள் தானாக வருவது உண்மைதான், ஆனால் அது மூல மென்பொருளுக்கு மட்டும். ப்ளகின்களுக்கு அந்த வசதி 2020-ல் 5.5 பதிப்பில் வந்தது, அதையும் நாம்தான் இயக்க வேண்டும். நான் இயக்கவில்லை, தப்பு என்னுடையது. அதற்காக பில்டர்தான் சரி என்று நான் சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எதை எடுத்தாலும் டொமைனை, அதாவது தளத்தின் இணையப் பெயரை, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதியுங்கள். என் அக்காவுக்குத் தளம் அமைத்துக் கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில் பதிந்திருந்தார். புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் போனையே எடுக்கவில்லை. பெயர் காலாவதியாகி வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அக்காவின் விசிட்டிங் கார்டிலிருந்து மின்னஞ்சல் வரை எல்லாவற்றிலும் இருந்தது அந்தப் பெயர்தான்.