புறா கொத்துவதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?

அண்ணா, காட்பாடியில் பார்த்தபோது கேட்டீர்களே, "பாப்பா பி.எஸ்சி. சைக்காலஜி ரெண்டாவது வருஷம். புக்கைத் தொறந்தா புறா கலர் லைட்டைக் கொத்திக்கினு இருக்குது. இதுக்கா ஃபீஸ் கட்டறேன்?" என்று. அன்றைக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இப்போது எழுதுகிறேன்.

குடியாத்தத்தில் லுங்கித் தறி போட்டிருக்கும் உங்களுக்கு இது என்னைவிட நன்றாகவே புரியும். சாயம் ஒரு பிசிறு மாறினாலும் உங்கள் கண் பிடித்துவிடும். எனக்கு இரண்டும் ஒரே பச்சைதான். சரக்கு திரும்பி வந்து கையைச் சுட்ட பிறகுதானே அந்தக் கண் வந்தது?

1956இல் கட்மன், காலிஷ் என்ற இருவர் அமெரிக்காவில் புறாக்களுக்கு நிற ஒளியைக் கொத்தப் பழக்கினார்கள். சிலவற்றுக்கு 580 நானோமீட்டர் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலைநீள அளவு), அதாவது மஞ்சள். தானியம் ஒவ்வொரு கொத்துக்கும் கிடையாது. சராசரியாக நிமிடத்துக்கு ஒரு தடவை. எப்போது விழும் என்று புறாவுக்குத் தெரியாது. பிறகு தானியத்தை நிறுத்திவிட்டு வேறு வேறு நிறங்களைக் காட்டினார்கள். பழகிய மஞ்சளுக்கு நிறையக் கொத்தியது. நிறம் விலக விலகக் கொத்துவது குறைந்தது. பொதுமைப்படுத்தல் என்று பாப்பா மனப்பாடம் செய்வது இதைத்தான். ஒவ்வொரு கொத்துக்கும் தவறாமல் தானியம் தந்து பழக்கியிருந்தால், நிறுத்தியபின் புறா சீக்கிரமே கைவிட்டிருக்கும்; இத்தனை நிறங்களைக் காட்டிப் பார்க்க அது நின்றிருக்காது.

1959இல் ஹான்சன் என்ற ஆய்வாளர் இன்னொன்று செய்தார். 550 நானோமீட்டர் பச்சைக்குத் தானியம் உண்டு, சற்றே மஞ்சள் பக்கம் போன 555க்குக் கிடையாது. பிறகு சோதித்தால் புறா அதிகம் கொத்தியது 550ஐ விட்டு இன்னும் பச்சையான 540 பக்கம். ஏமாந்த மஞ்சள் பச்சையிலிருந்து ஓர் எட்டு தள்ளியே நின்றது. ஒரு ஆர்டர் திரும்பி வந்தபின் நீங்களும் சாயக்காரரிடம் கொஞ்சம் அழுத்தமான பச்சையாகவே கேட்டிருப்பீர்கள்.

சரி, வேலை. ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தைக்குப் பட அட்டை காட்டி 'டம்ளர்' கற்றுத் தருகிறார்கள் என்று வையுங்கள். தெரபி அறையில் பத்துக்குப் பத்து சரி. வீட்டில் எவர்சில்வர் டம்ளரை நீட்டினால் முழிக்கிறது. அது கற்றது அந்த அட்டையை, அந்த மேசையை, அந்த மிஸ்ஸை. புறாவிடம் பார்த்த பொதுமைப்படுத்தல் இங்கே நடக்கவில்லை. அப்போது டம்ளரை மாற்ற வேண்டும், ஆளை மாற்ற வேண்டும், பக்கத்தில் சொம்பை வைத்து 'இது இல்லை' என்று பிரித்துக் காட்ட வேண்டும். பாராட்டும் முதலில் ஒவ்வொரு தடவையும், பிறகு விட்டு விட்டு. இதைக் கணக்குப் போட்டுச் செய்யத் தெரிந்தவர்கள் நம் பக்கம் குறைவு என்பதே என் எண்ணம். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையத்தின் வாசலில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள், எங்கெங்கிருந்து வருகிறார்கள் என்று தெரியும்.

உங்கள் சின்னவன் செல்லுக்கு அழுகிறான், அதுவும் உங்களிடம் மட்டும் என்றீர்கள். நாலு தடவை மறுத்து அஞ்சாவது தடவை கொடுத்தால் அழுகை இன்னும் கெட்டியாகும். புறாவுக்குச் செய்த ஏற்பாடும் ஏறக்குறைய இதேதான். அம்மாவிடம் அழுது பலனில்லை என்பதையும் பயல் பிரித்து அறிந்திருக்கிறான். சந்தேகமிருந்தால் பாப்பாவைக் கேளுங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் சொற்பம். எம்.எஸ்சி. வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலச் சிகிச்சை தரும் உளவியலாளர் ஆக வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற படிப்பும் பதிவும் வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. சிறப்புக் கல்வி பி.எட்.டுக்கும் அதே கவுன்சில்தான். 'கிளினிக்கல்' என்று போர்டில் எழுதியிருப்பதை நம்பி அட்வான்ஸ் கட்டாதீர்கள். கவுன்சிலின் இணையதளத்தில் கல்லூரிப் பெயர், படிப்பின் பெயர், எந்த ஆண்டு வரை அனுமதி என்ற மூன்றும் பார்க்க வேண்டும். பாப்பாவையே அதை பிரிண்ட் எடுத்து வரச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.